காயப்பட்டவரிடம் ஈமானை விசாரிக்கிறோம்



திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலைப் பகுதியில் நாம் வாழ்ந்து வருகிறோம். மன அமைதி தேடி எங்கெங்கிருந்தோ வந்து தங்குவோரை அன்றாடம் காண்கிறோம். சொந்த மார்க்கத்தில் நிம்மதி கிடைக்காதவர்கள் என்று நம் சகோதரர்கள் சிலர் அவர்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாமும் சொன்னதுண்டு. சென்ற மாதம் அதே சாலையில் தேநீர்க்கடை ஒன்றின் அருகே நம் பழைய மாணவர் ஒருவர் நின்றிருந்தார். நம் தொப்பியையும் ஜிப்பாவையும் கண்டவர், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுச் சாலையின் மறுபக்கம் போய்விட்டார்.

சிறு வயதில் வெளியூர் மதரஸா ஒன்றில் ஹிஃப்ழு ஓதத் தங்கியிருந்தவர் அவர். ஆயத்து மறந்தால் உள்ளங்கை தடிக்க அடி விழும். இரவில் அழுதால் உடம்பில் ஷைத்தான் புகுந்துவிட்டான் என்று இருட்டறையில் பூட்டுவார்கள். அங்கிருந்து ஓடிவந்து நம் மக்தபில் சேர்ந்தபோது இதை நம்மிடம் சொன்னார். உஸ்தாதின் அடிபட்ட இடத்தை நரக நெருப்பு தீண்டாது என்று நாம் பதில் சொன்னோம். குர்ஆனிலோ ஆதாரமுள்ள ஹதீஸிலோ இல்லாத பேச்சு அது. நம் உஸ்தாது நமக்குச் சொன்னார், நாம் அவருக்குச் சொன்னோம். ஒரு குழந்தையின் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது.

இன்று அவர் ஜும்ஆவுக்கு வருவதில்லை. அவருக்குப் பெண் பேசிய வீட்டாருக்கு ஜமாஅத் கடிதம் கொடுக்கத் தயங்குகிறார்கள் பொறுப்பாளர்கள். ஈமான் பலவீனம் என்கிறார்கள். அடித்தவருடைய ஈமானை இதுவரை யாரும் விசாரித்ததாக நாம் அறியவில்லை.

ஏர்வாடியை நம் சமூகம் மறந்துவிட்டதா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா இருக்கும் அந்த ஊரில் தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்த ஊருக்கு நோயாளிகளை அழைத்துவந்தவர்கள் பகைவர்களல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. கனவில் உத்தரவு கிடைத்தால் குணமாகும், தண்ணீரும் விளக்கெண்ணெயும் போதும் என்று நம்பிப் பணமும் கட்டினார்கள். அதில் முஸ்லிம்களும் இருந்தார்கள், பிற சமயத்தவரும் இருந்தார்கள். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சில நாட்களில் அரசு அந்தக் காப்பகங்களை மூடி, 500-க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவோடு மனநல மருத்துவமும் கிடைக்க அரசு வழிசெய்திருக்கிறது. ஆனால் உயிர் பிழைத்து வீடு திரும்பிய ஒருவர், என்னைக் கட்டிப்போட்ட ஊர்ப் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறேன் என்று சொன்னால், அவரிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன கேட்பார்கள்? ஐந்து வேளை தொழுகிறாயா என்றுதானே?

வலிப்பு நோயால் துன்புற்ற பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. பொறுமையையும் அதற்கான சுவனத்தையும் ஏற்பதா, குணத்துக்காக துஆ செய்வதா என்று முடிவை அவரிடமே விட்டார்கள். பொறுமையைத் தேர்ந்துகொண்ட அவர், வலிப்பு வரும்போது தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டார், அதையும் செய்தார்கள். ஈமானை விசாரிக்கவில்லை, பேயோட்டவில்லை. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் இது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும் என்று நூலே எழுதினார். நம்மில் சிலருக்கோ இன்றும் தாயத்துக் கட்டுபவர் வீடு தெரிகிறது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு தெரியவில்லை.

இதையெல்லாம் வெளியில் பேசினால் சமூகத்தின் மானம் போகும், பகைவர்களுக்கு ஆயுதமாகும் என்கிறார்கள். இன்றைய நாட்டுச் சூழலில் அந்த அச்சம் நமக்கும் உண்டு. ஆனால் 80-ஆவது அத்தியாயமான அபஸவை ஓதிப் பாருங்கள். குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த வேளையில் கண் தெரியாத தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரழி) வந்தார்கள்; நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்தார்கள். பார்வையற்றவர் அதைப் பார்த்திருக்கவும் முடியாது. ஆயினும் அல்லாஹ் அதைக் கண்டித்தான். அந்தக் கண்டிப்பைக் கியாமத் நாள்வரை ஓதப்படும் வேதத்தில் வைத்தான். படைப்பில் சிறந்தவரின் ஒரு முகச்சுளிப்பே மறைக்கப்படவில்லை என்றால், நம் உஸ்தாதுகளின் பிரம்பை மறைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் நடந்திருந்தால் அது ஜமாஅத் கூடிப் பேசி முடிக்கும் விவகாரமே அன்று. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அடித்தவரை வேறு மஹல்லாவுக்கு மாற்றிவிடுவது அங்குள்ள பிள்ளைகளை ஒப்படைப்பதாகும். மீண்டு வந்தவரின் வீட்டாருக்கும் ஒரு சொல்: அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள், மன்னிப்பு அவருடைய உரிமை. அடித்தவர் ஓதும் வலீமாவுக்கு அவரை இழுத்துச் செல்லாதீர்கள். தொழுகை பற்றி அவரே பேசும்வரை காத்திருங்கள். உறக்கம் கெட்டு, உணவு வெறுத்துக் கிடந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்த மாணவரின் தாயாரிடம் சென்ற வாரம் சென்றோம். நரகம் தீண்டாது என்று அன்று நாம் சொன்னது தவறு, மகனிடம் சொல்லிவிடுங்கள் என்றோம். ஜமாஅத் கடிதத்துக்காகவும் பொறுப்பாளர்களிடம் பேசியிருக்கிறோம். இன்னும் முடிவு சொல்லவில்லை. மகன் உள்ளறையில்தான் இருந்தார், வெளியே வரவில்லை. தாயார் தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தோம்.