விண்ணப்பச் சங்கமா, உரிமைச் சங்கமா?

ஐக்கிய அமெரிக்காவில் பாஸ்டன் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவர்கள் 2024ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஏழு மாதம் அது நீடித்தது. அக்டோபரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, டாக்டர் பட்டத்துக்குப் படிப்போருக்கு வருஷத்துக்குக் குறைந்தபக்ஷம் 45,000 டாலர் உதவிச் சம்பளம் என்று முடிவாயிற்று. மாணவர்கள் ஜயம் பெற்றார்கள். ஆனால் நவம்பரிலே சர்வகலாசாலையார் வேறொரு செய்தியைச் சொன்னார்கள். மானிடக் கலைகளிலும் சமூக சாஸ்திரங்களிலும் சுமார் ஒரு டஜன் துறைகளில், அடுத்த கல்வி வருஷத்துக்குப் புதிய டாக்டர் பட்ட மாணவர் எவரையும் சேர்த்துக் கொள்வதில்லை என்பதே அது. அந்த ஜாபிதாவில் ஆங்கிலத் துறையும் இருந்தது. புதிய ஒப்பந்தத்தால் ஏறிய செலவையும் ஒரு காரணமாகக் காட்டிக் கலைக் கல்லூரியின் தலைவர்கள் ஆசிரியர்களுக்கு எழுதினார்கள் என்று பத்திரிகைகளில் வெளியாயிற்று. கூலி கேட்டவனுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவனுக்குக் கதவைச் சாத்தும் முறை இது. ஆலைத் தொழிலாளர் சங்கங்களில் உழைத்த நம் நண்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

நாம் இங்கே கவனிக்க விரும்புவது அந்தத் தொழிற்சங்கத்தை மாத்திரம் அல்ல. அமெரிக்க ஆங்கிலத் துறைகள் பலவற்றில் பட்டதாரி மாணவர் சங்கம் என்று ஒரு சிறு ஸ்தாபனம் உண்டு. தொழிற்சங்கம் சர்வகலாசாலை முழுவதற்கும் பொது. இதுவோ ஒரு துறைக்குள் அடங்கியது. வருஷந்தோறும் ஓர் அக்கிராசனர், ஒரு காரியதரிசி, ஒரு பொக்கிஷதார், துறையின் கமிட்டிகளுக்குச் சில பிரதிநிதிகள் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக வந்தவர்களை வரவேற்பது, தங்குமிடத்துக்கு வழி சொல்வது, மகாநாடுகளுக்குப் போகிறவர்களுக்குப் பிரயாணச் செலவு பங்கிடுவது, பரீக்ஷைக்கு முன்னால் மூத்தவர்களைக் கூட்டி அநுபவம் சொல்லச் செய்வது ஆகியவை இதன் வேலைகள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு தேநீர்க் கூட்டச் சபையாகவே தோன்றும். பல இடங்களில் வாஸ்தவமாகவே அவ்வளவுதான்.

ஆனால் இதன் அங்கத்தினர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் எம்.ஏ. வகுப்பு மாணவர் பாடம் கேட்பவர், பாடம் சொல்பவரல்லர். அமெரிக்காவிலோ, ஆங்கிலத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர் முதல் வருஷத்திலோ இரண்டாம் வருஷத்திலோ ஒரு வகுப்பின் முன் நிறுத்தப்படுகிறார். கல்லூரியில் காலடி வைக்கும் இளைஞர்களில் பெரும்பகுதியார், அவர்கள் படிக்க வந்தது எஞ்சினீயரிங்காயினும் ரசாயனமாயினும், கட்டுரை எழுதப் பழகும் வகுப்பு ஒன்றில் தேறியாக வேண்டும். பெரிய சர்வகலாசாலைகளில் அந்த வகுப்புக்களை நடத்துவோரில் பெரும்பாலோர் இந்த மாணவ ஆசிரியர்களும், வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படும் தற்காலிக ஆசிரியர்களுமே. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பற்றி எட்டுப் பேருக்குப் பாடம் சொல்லும் பேராசிரியரின் துறை நிலைத்து நிற்பதற்கு, வாரந்தோறும் கட்டுக் கட்டாகக் கட்டுரை திருத்தும் இந்த இளைஞர்களின் சிவப்பு மையே ஆதாரம். இதை அறியாத சங்கம் தன் பலத்தை அறியாத சங்கம்.

தன் பலத்தை அறியாத சபை என்ன செய்யும்? விண்ணப்பம் எழுதும். "துறைத் தலைவரவர்கள் கிருபை கூர்ந்து" என்று தொடங்கி, "பரிசீலிப்பீர்களென நம்புகிறோம்" என்று முடிக்கும். நமது காங்கிரஸ் 1885ஆம் வருஷத்தில் பிறந்து இருபது வருஷ காலம் வருஷாந்தரத் தீர்மானங்களாலே எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்த விண்ணப்பங்கள் வீண் என்று நாம் ஒருபோதும் சொல்லவில்லை. கணக்கும் புள்ளியும் சேர்த்துக் குறையை எழுதிவைக்கும் பழக்கம் அதனாலே வந்தது. ஆனால், கேட்பவன் கேட்டுக்கொண்டே இருக்கவும் கொடுப்பவன் யோசித்துக்கொண்டே இருக்கவும் ஏற்ற முறை அது.

சட்டத்தின் நிலைமை இன்னும் விநோதமானது. இந்த மாணவர் மாணவரா, தொழிலாளரா? தனியார் சர்வகலாசாலைகளைப் பற்றிய இந்த வழக்கில், ஐந்து அங்கத்தினர் கொண்ட தேசியத் தொழில் உறவு போர்டு 2000ஆம் வருஷத்தில் நியூயார்க் சர்வகலாசாலை விஷயத்தில் தொழிலாளரே என்றது. 2004இல் பிரவுன் சர்வகலாசாலை விஷயத்தில் அல்லர் என்றது. 2016இல் கொலம்பியா விஷயத்தில் மறுபடியும் தொழிலாளரே என்றது. சட்டத்தின் வாசகம் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. போர்டு அங்கத்தினரை நியமிக்கும் ஜனாதிபதிதான் மாறினார். நியூயார்க்கில் 2002இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2005இல் காலாவதியானதும், நிர்வாகத்தார் சங்கத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டார்கள். மறுபடி அங்கீகாரம் கிடைத்தது 2013இல். இடையிலே படித்து வெளியேறியவர்களுக்கு எந்த நியாயமும் கிடைக்கவில்லை. ஆகவே 2016இன் தீர்ப்பைக் கல்லில் செதுக்கிய எழுத்தென்று எண்ணுவது பிசகு.

வக்கீல் புத்தியோடு இன்னொன்றும் சொல்லுவோம். முதலாளி ஒரு தொழிலாளர் சங்கத்தைத் தன் கைக்குள் வைத்துக் கொள்வதையும் அதற்குப் பண உதவி செய்வதையும் 1935ஆம் வருஷத்துச் சட்டம் விலக்கியிருக்கிறது. துறைச் சங்கத்துக்கோ தேநீருக்கும் பிரயாணத்துக்கும் பணம் வருவது பெரும்பாலும் துறையினிடமிருந்தே. அப்படிப்பட்ட சங்கம் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றித் துறைத் தலைவரோடு பேரம் பேசத் தொடங்கினால், அதன் நிலைமை சிக்கலாகும். ஆகவே கூலிப் பேச்சைத் தொழிற்சங்கத்துக்கு விட்டுவிட வேண்டும். "அப்படியானால் துறைச் சங்கத்துக்கு என்ன மிச்சம்?" என்று கேட்பார்கள். மிச்சமிருப்பதுதான் பெரிது என்பது நம் அபிப்பிராயம். அதற்கு அத்தாட்சி விஸ்கான்ஸின் மாகாணத்தின் மாடிஸன் நகரத்தில் இருக்கிறது.

மாடிஸனிலுள்ள விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் 1966இலேயே மாணவ ஆசிரியர் தொழிற்சங்கம் தோன்றிவிட்டது. அமெரிக்காவில் இவ்வகைச் சங்கங்களுள் மூத்தது அது. வியட்நாம் யுத்த காலம். ஆங்கிலத் துறையின் மாணவ ஆசிரியர்கள் கட்டுரை வகுப்பைத் தங்கள் யோசனைப்படியே நடத்தத் தலைப்பட்டார்கள். மதிப்பெண்ணின் அவசியத்தைக் கேள்வி கேட்டார்கள், பாடப்புத்தகத்தை மாற்றினார்கள், யுத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 1969 நவம்பரில் துறையின் பேராசிரியர்கள் கூடி, கட்டுரை வகுப்பையே எடுத்துவிடத் தீர்மானம் செய்தார்கள். இப்பொழுது வரும் இளைஞர்களுக்கு எழுதத் தெரிகிறது, ஆகையால் வகுப்பு அவசியமில்லை என்பது சொன்ன காரணம். அந்தக் காலத்தை ஆராய்ந்து டேவிட் ஃபிளெமிங் என்பவர் 2011இல் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். வகுப்பின்மீது தங்களுக்கிருந்த ஆதிக்கம் கை நழுவியதே உண்மைக் காரணம் என்பது அவருடைய முடிவு. நமக்கும் அதுவே சரியென்று படுகிறது. 1970இல் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்து தன் முதல் ஒப்பந்தத்தைப் பெற்றது. ஆனால் போன வகுப்பு வரவில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் மாடிஸனில் எல்லாருக்கும் பொதுவான கட்டுரை வகுப்பு இல்லாமலே போயிற்று.

1969இன் மாடிஸனையும் 2024இன் பாஸ்டனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் வகுப்பு போயிற்று. மற்றோரிடத்தில் சேர்க்கை நின்றது. இரண்டும் கூலிப் பேச்சு மேஜையில் தீர்மானமானவையல்ல. என்ன பாடம், யாருக்கு, எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற கேள்விகள் முடிவாகும் அறை வேறு. அந்த அறையில் மாணவருக்கு இடமுண்டா, இருந்தால் ஓட்டுண்டா, அல்லது மூலை நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் உரிமை மட்டுந்தானா என்பதே துறைச் சங்கம் கேட்கவேண்டிய கேள்வி. பிரயாணச் செலவில் ஐம்பது டாலர் கூட்டிக் கேட்பதைவிட, பாடத்திட்டக் கமிட்டியிலும் சேர்க்கைக் கமிட்டியிலும் ஓட்டுள்ள ஓர் இடம் கேட்பது கஷ்டம். அது கிடைக்கும் வரையில் மற்றவையெல்லாம் உபசாரம்.

இதற்கு இடையூறு நிர்வாகத்தின் கோபம் மாத்திரமல்ல. மாணவருடைய பயமும் கூட. யேல் சர்வகலாசாலையில் 1995 டிசம்பரில் மாணவ ஆசிரியர்கள் மதிப்பெண் கொடுக்க மறுத்து நின்றார்கள். அடுத்த பருவத்தில் வகுப்பு கிடையாது என்ற எச்சரிக்கை வந்தது. ஜனவரியில் போராட்டம் முறிந்தது. இதன் சம்பந்தமாக யேலைக் கண்டித்து எம்.எல்.ஏ. தீர்மானம் நிறைவேற்றியது. (நமது வாசகர்கள் சட்டசபை அங்கத்தினரை நினைக்க வேண்டாம், அது இலக்கியப் பேராசிரியர்களின் நவீன பாஷைகள் சங்கம்.) கண்டனத்தால் யேல் அசைந்ததாகத் தெரியவில்லை. அங்கே மாணவர்கள் ஓட்டெடுப்பில் 1,860க்கு 179 என்று வென்றது 2023 ஜனவரியில். இருபத்தேழு வருஷம்!

அந்தப் பயம் கோழைத்தனமன்று. தன்னுடைய ஆராய்ச்சியை ஏற்கவேண்டிய பேராசிரியரே உத்தியோகத்துக்குச் சிபார்சுக் கடிதமும் எழுத வேண்டியவர். ஆங்கிலப் பேராசிரியர் உத்தியோகங்களோ 2008க்குப் பின் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன. ஒரு கடிதத்தில் ஒரு வார்த்தை குளிர்ந்திருந்தால் ஆறேழு வருஷ உழைப்பு போய்விடும். அந்நிய நாட்டு மாணவருக்கு இது இரட்டை ஆபத்து. நம் நாட்டிலிருந்து போயிருக்கும் மாணவர்கள் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் சர்வகலாசாலையில் வேலை செய்யக்கூடாதென்பது விதி. 2025இல் அந்நிய மாணவர் பலருடைய அநுமதிச் சீட்டுக்கள் ரத்தான பிறகு, அவர்கள் பெயர் போட்டுக் கையெழுத்திடத் தயங்குவதைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தனி மனிதர் கையெழுத்திட அஞ்சும் இடத்தில்தான் சங்கத்தின் முத்திரைக்கு மதிப்பு. குறை சொல்பவர் பெயர் வெளிவராமல், "சங்கம் கேட்கிறது" என்று காரியதரிசி எழுதும் கடிதம் அந்த மாணவருக்குக் கவசம்.

ஆனால் காரியதரிசி ஒரு வருஷத்துக்குத்தான் காரியதரிசி. அடுத்த வருஷம் பரீக்ஷை. அதற்கடுத்த வருஷம் ஊரிலேயே இல்லை. பேராசிரியரோ முப்பது வருஷம் அதே நாற்காலியில் இருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன் துறைத் தலைவர் கொடுத்த வாக்குறுதி யாருக்கும் நினைவில்லாமற் போவதற்கு இதுவே போதும். நாம் பார்த்த சிறு சங்கங்கள் பல சண்டையில் சாகவில்லை; நடவடிக்கைப் புத்தகம் காணாமற்போனதால் செத்தன. கூட்டம் முடிந்த மறுநாளே தலைவருக்கு, "தாங்கள் இன்ன தேதியில் இன்ன விஷயத்துக்கு இசைந்தீர்கள்" என்று எழுதி, பதிலையும் சேர்த்துக் கோவையில் வைத்து, அதைப் பிறகு வருபவர் கையில் நேரே ஒப்புவிக்கும் சங்கம், வேலைநிறுத்தம் செய்யாமலே பாதி மரியாதையைச் சம்பாதித்துக் கொள்ளும்.

பாஸ்டன் ஆங்கிலத் துறையில் இப்போது படித்துக் கொண்டிருப்பவர்கள் இன்னும் சில வருஷங்களில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். ஒரு வருஷம் எவரும் சேராததால் சங்கத்தின் வரிசையில் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டிக் கோவையை யார் யாரிடம் ஒப்புவிக்கப் போகிறார்கள் என்பதை இப்பொழுதிருப்பவர்களே ஏற்பாடு செய்தாக வேண்டும்.