வெளிர்நிறம் வெளுக்காது

மாநிறத்தவர் அடர்நிறப் பட்டு உடுத்தினால் முகம் மங்கிவிடும், வெளிர்நிறமே எடுப்பு என்கிறார்கள். அது சரியல்ல. முதலில், கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. வெளிர்நிறத்தை ஒட்டி இருப்பது இன்னும் கருத்துத் தெரியும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திய ஷெவ்ரல் 1839-லேயே இதை விளக்கிவிட்டார். அப்புறம் சந்தன நிறப் புடவை முகத்தை எப்படி வெளுக்கும்? வெளிர்நிறத் துணி முகத்தின் மேல் ஒளியைத் திருப்புமே என்பார்கள். திருப்பும், தன் சாயலையும் சேர்த்தே திருப்பும். மஞ்சளும் பச்சையும் ஏற்கெனவே ஓடும் தோல், எலுமிச்சை நிறப் பட்டருகே சோகை பிடித்தாற்போல் தெரிவது இதனால்தான். இரண்டாவது, பட்டுக்கு ஒரே நிறம் ஏது? மயில்கழுத்தில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறும். கடை விளக்கொளியில் அதற்குத் தீர்ப்பு எழுதலாமா? மூன்றாவது, முகத்தை ஒட்டி இருப்பவை ரவிக்கையும் தோள் மடிப்பும்தான். அரக்கோ மாம்பழமோ, அந்த ஒரு சாண் துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். (வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எதற்கு என்பது வேறு வழக்கு.)