கதவுக்கு உள்ளே ஓர் ஆளுக்கு இடம்

உயிர் போகிற நேரத்தில் வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்ற ஆளில்லாமல் போவதை நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பெருங்குறையாகச் சொல்வார்கள். லயத்தில் கண்மூடுகிறவருக்கு அந்தக் குறை வருவதில்லை. அடுத்த காம்பராக்காரர்கூட வந்து தலைமாட்டில் நிற்பார். ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் போகிறவருக்குத்தான் வருகிறது. இதயம் நின்று, மார்பை அழுத்தத் தொடங்கியதும் உறவினரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துவதே வழக்கம். பிள்ளைகள் வார்ட்டில் இரவெல்லாம் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்கூட அந்த நேரத்தில் நடைபாதைக்குப் போய்விட வேண்டும்.

இதைக் கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். கொழுந்து எடுக்கும் மலையில் குளவிக்கூடு கலைந்த நாளை நினைத்துப் பாருங்கள். கொட்டு வாங்கியவர்களை ஏற்றிய லொறியில் அந்த மலையில் நின்ற பாதிப்பேரும் வந்து இறங்குவார்கள். கட்டில்களுக்கு நடுவே ஓர் ஆள் நுழையத்தான் இடமிருக்கும். இருக்கிற ஓரிரு டொக்டரும் மிஸிமாரும் யாருக்கு மூச்சு அடைக்கிறது, யாருக்கு முதலில் அட்ரினலின் போடுவது என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது உள்ளே நிற்கும் உறவினர் ஒருவர் மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? ஆத்திரத்தில் கைநீட்டினால்? நாளைக்கு வழக்கு என்று வந்தால்? பல நாடுகளின் ஆய்வுகளிலும் அவசரப் பிரிவு ஊழியர்கள் சொல்லும் காரணங்கள் இவைதான். டொக்டர்மாரைவிடத் தாதியர் கொஞ்சம் இணங்கி வருகிறார்கள் என்பதும் அவற்றில் அடிக்கடி தெரியவருகிறது. புதிதாக வந்த டொக்டருக்கு, தன் கை தடுமாறுவதை நோயாளியின் மனைவி பார்த்துவிடுவாரோ என்ற அச்சமும் இருக்கும். அதையும் நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனாலும் கதவைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் நகரின் ஃபூட் ஆஸ்பத்திரியில், 1982இல் இரண்டு குடும்பங்கள் வெளியே போக மறுத்து நின்றன. அதன்பிறகு அங்குள்ளவர்கள் அண்மையில் உறவினரைப் பறிகொடுத்தவர்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 72 பேர், உள்ளே இருக்கத்தான் விரும்பினோம் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரி வழக்கத்தை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், 1998இல் வெளியான ஒரு சிறு ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. உறவினர் உடனிருப்பதன் நன்மையைக் கண்ட ஊழியர்களுக்கு, ஆய்வுக்காகச் சிலரை வெளியே நிறுத்திவைக்க மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பெறுமதியாகப் படுவது 2013இல் வெளியான பிரான்ஸ் ஆய்வு. வீட்டிலேயே இதயம் நின்றுபோனவர்களின் உறவினர் 570 பேர். அம்புலன்ஸ் குழுக்களில் பாதி, பக்கத்தில் இருக்க விருப்பமா என்று குடும்பத்தை முறையாகக் கேட்டன. மீதிப்பாதி வழமைப்படி நடந்துகொண்டன. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, வழமைப்படி நடத்தப்பட்ட குடும்பங்களில்தான் மனவடு அதிகம் இருந்தது. கேட்ட குழுக்களின் வேலை கெடவில்லை, ஊழியருக்கு மன அழுத்தம் கூடவில்லை, வழக்கும் வரவில்லை. ஒன்றை மறக்கக்கூடாது: அங்கே குடும்பத்தோடு பேசும் பொறுப்பு குழுவில் ஒருவருக்கு இருந்தது.

அந்த ஒருவர்தான் நம் மலையகத்துக்குத் தேவை. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் தமிழ் பேசத் தெரிந்தவர் இருப்பாரா என்பது அன்றைய ட்யூட்டியைப் பொறுத்தது. வெளியே அனுப்பப்பட்ட மனைவிக்கு உள்ளேயிருந்து சத்தம் மட்டும்தான் கேட்கும். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மார்பை அழுத்தினால் விலா எலும்பு முறிவதும் உண்டு. உயிரை மீட்கச் செய்வது அது என்று யாரும் சொல்லாவிட்டால், "அடிச்சே கொன்னுட்டாங்க" என்ற பேச்சு விடிவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். இன்னொரு பேச்சும் வரும்: "தோட்டத்து ஆளுதானேன்னு சும்மா போட்டுட்டாங்க." தலைமுறை தலைமுறையாகத் தோட்ட டிஸ்பென்சரியில் கைவிடப்பட்டவர்கள் அப்படி நினைப்பதில் என்ன வியப்பு? அரை மணி நேரம் வேர்வை சொட்ட ஒருவர் மாறி ஒருவர் அழுத்தியதை அந்த மனைவி கண்ணால் பார்த்திருந்தால், அந்தப் பேச்சுக்கு முதல் மறுப்பு அவளிடமிருந்தே வந்திருக்கும். ஆகவே கதவைத் திறப்பது டொக்டருக்கும் காவல் என்றே சொல்வேன்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை வந்த பிறகு இந்தக் கதவுக்கு இருந்த நியாயம் இன்னும் குறைந்துவிட்டது. நோயாளியுடன் வழக்கமாக வீட்டாள் ஒருவர் ஏறுகிறார். வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு போகிற வண்டியில் ஒட்சிசன் மாட்டுவதையும், தேவைப்பட்டால் நெஞ்சை அழுத்துவதையும் பக்கத்தில் இருந்தே பார்க்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் அவர் திடீரென்று பார்க்கத் தகாதவராகிவிடுகிறாரா?

லயமே உள்ளே வரட்டும் என்று கேட்கவில்லை. ஒரே ஓர் ஆள், வர விரும்பினால் மட்டும். விரும்பாதவரை இழுத்து நிறுத்துவதும் கொடுமைதான். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் நிற்க வேண்டும். மிஸிக்கு நேரமில்லையென்றால் சிற்றூழியர் போதும். தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பு வேலையை இப்போதே சம்பளமில்லாமல் செய்கிறவர்களும் அவர்கள்தான். என்ன சொல்ல வேண்டும், எப்போது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கட்டும், அதற்கு ஒரு கொடுப்பனவும் கொடுக்கட்டும். குளவிக்கொட்டு நாள் போல நெரிசலான நேரத்தில் முடியாது என்று டொக்டர் சொன்னால் அதுவே முடிவு.

இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆஸ்பத்திரியின் புதிய கட்டடத்தில் 150 கட்டில்கள். கட்டடம் கேட்டு வாங்கத் தெரிந்த நாம் இதையும் கேட்கலாம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் நம் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் நீர்த்தாங்கி, வாகனத் தரிப்பிடம் பற்றிப் பேசும்போது இதையும் எழுத்தில் கொடுங்கள். டொக்டர்மாரும் மிஸிமாரும் என்ன நினைக்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.