ஆடியில் வீடு பாருங்கள்

ஆடி மாதம் நல்ல காரியம் பேசக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அதோடு சண்டை இல்லை. விலை பேசுவதையும் முன்பணம் கொடுப்பதையும் ஆவணிக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். ஆனால் விலைக்கு வரும் வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசலில் ஆடியைவிட நல்ல மாதம் கிடையாது. தை பிறந்ததும் புரோக்கரோடு கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துக் கரிசல் உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கி, கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே நிற்கும் சுவரும் கூடவே ஏறி இறங்கும். தையில் மண்ணில் ஈரம் இருப்பதால் சுவர் விரிசல் மூடிக் கிடக்கும். போதாக்குறைக்குப் பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் வேறு. ஆறு மாதம் கழித்து, ஆடிக் காற்றில் அதே வீட்டைப் பார்த்தால் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு கோடு ஓடியிருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன் என் மச்சினன் ஒரு தை மாதத்தில்தான் வீடு வாங்கினான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதில் போட்டான். "அத்தான், நீங்க ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க" என்று என்னைத்தான் கூட்டிப்போனான். முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்தவன் நான். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் பார்த்தேன். கொடுத்த கேசரியைச் சாப்பிட்டேன். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் "நல்ல வீடுதான், முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆடியில் பின்பக்க அறை மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பக்கத்துல பட்டாசு ஆலை வெடிச்சப்ப வந்திருக்கும் அண்ணாச்சி" என்றார். நம் வட்டாரத்தில் இது எல்லோருக்கும் வசதியான பதில். வெடி அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கும், பூச்சு உதிரும், மெல்லிய கீறலும் விழும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரே நாளில் வந்து பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். வருஷா வருஷம் கோடையில் திறந்து மழையில் மூடுகிற விரிசலுக்கு எந்த ஆலையும் பொறுப்பில்லை.

அடுத்த சாக்கு, "கரிசல்னா விரிசல் வரத்தான் செய்யும்." இதைக் கேட்டால்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். இந்த மண்ணுக்கு வழி தெரியாமலா இருக்கிறோம்? ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எத்தனையோ வருஷத்துக்கு முன்பே வழி சொல்லிவிட்டது. ஏறத்தாழ பன்னிரண்டு அடி ஆழம், மண் ஏறி இறங்குவது நிற்கும் இடம் வரை, குழாய் போலத் துளைத்து, அடியில் இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழ் வைத்த கான்கிரீட் பைல் இறக்க வேண்டும். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். கரிசல் மேலே நாலடி தோண்டிக் கல்லை அடுக்கிவிட்டு மண்ணைப் பழிப்பது நியாயமா?

2014 ஜூன் 28ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்குப் பிறகு மண் பரிசோதனை என்ற வார்த்தை எல்லார் வாயிலும் வந்தது. "அது மாடி, நம்மது ஒத்தை வீடுதானே" என்று நம்மவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். கரிசலில் கதை நேர்மாறு. கனமான கட்டடம் உப்பும் மண்ணை ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். ஒத்தை மாடி வீட்டைத்தான் மண் சுலபமாகத் தூக்கும்.

ஆகவே வீட்டுக்குள் போனதும் மாடுலர் கிச்சனைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள். நிலையில் உரசுகிறதா? கதவின் அடியை இழைப்புளி போட்டுச் சீவியிருக்கிறார்களா? சீவிய இடத்தில் பெயிண்ட் புதிதாக இருக்கும். ஜன்னல் மூலையில் பட்டி வைத்து அடைத்த தடம் விரலுக்குத் தட்டுப்படும். செங்கல் இணைப்பில் படிப்படியாக ஏறும் விரிசல், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை மெல்லியதாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். வெளியே வந்து, வீட்டைச் சுற்றிய சிமெண்ட் தளம் சுவரை விட்டு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரை ஒட்டி வேப்பமரமோ, ஒழுகும் தண்ணீர்த் தொட்டியோ, கழிவுநீர்க் குழியோ இருந்தால், மண் ஒரு பக்கம் காயும், ஒரு பக்கம் ஊறும்.

பாங்கு மதிப்பீட்டாளர் பார்த்துவிட்டாரே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கடன் தொகைக்கு வீடு ஈடாகுமா என்பது அவர் கவலை. கட்டுமானக் குறையை ஐந்து வருஷத்துக்குள் சொன்னால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைத் திட்டங்களுக்குப் பதிவே தேவையில்லை. கை மாறி வரும் பழைய ஒத்தை வீட்டுக்கு அதை நம்பி இறங்க முடியாது.

மச்சினன் வீட்டு விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்துத் தேதி எழுதி வைத்தேன். அசைவு இருந்தால் கண்ணாடி உடையும். இதுவரை மூன்று துண்டு மாற்றியாகிவிட்டது. அவன் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. என் வீட்டுக்காரிதான் சொல்கிறாள்.

இந்த ஆடியில் வீடு பார்க்கப் போகிறவர்கள் கூப்பிடுங்கள். ரசமட்டத்தோடு வருகிறேன். கேசரி வேண்டாம்.