தன்னிறைவு என்னும் மாயை: ஓட்டமாவடியை முன்வைத்து ஒரு நோக்கு

"ஓட்டமாவடிக்கு என்ன குறை? வயல் உண்டு, வாவி உண்டு, கறவை உண்டு. நாடே பட்டினி கிடந்தாலும் நாம் பிழைத்துக்கொள்வோம்" என்னும் பேச்சு எம்மவரிடையே அடிக்கடி கேட்கின்றது. கேட்பதற்கு இனிய இப்பேச்சு உண்மைக்குப் புறம்பானது என்பதே எமது வாதமாகும்.

வளங்களை நாம் மறுக்கவில்லை. வாகனேரிக் குளமும் மாதுறு ஓயா வந்து சேரும் வாழைச்சேனை வாவியும் இப்பிரதேசத்தின் பெருஞ்செல்வங்களே. ஆயின், வளம் இருத்தல் வேறு. அதனை ஆளுதல் வேறு. 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயலும் நீரும் உழவனும் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆனால் பெரும்போக விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது கடலில் மீன் இருந்தும் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. கடன் தீர்ப்பதற்காகக் களத்திலேயே நெல்லை விற்றுவிட்டு, சில மாதங்களில் கடையில் அரிசி வாங்கும் உழவனின் ஊரைத் தன்னிறைவு பெற்ற ஊர் என்று எவ்வாறு அழைப்பது?

"அப்படியாயின் ஒவ்வொரு வீடும் உணவைச் சேமிக்கட்டும்" என்பர் சிலர். அன்றாடக் கூலியில் அன்றாடம் உண்பவன் எதைச் சேமிப்பான்? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும் 2011 ஜனவரி வெள்ளமும் இம்மாவட்டத்துக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. கூரையே நிலைக்காதபோது வீட்டு மூலையிலுள்ள மூட்டையும் நிலைக்காது. வசதி படைத்தவன் மட்டும் தப்பிக்கும் ஏற்பாட்டிற்கு அனர்த்த ஆயத்தம் என்று பெயர் சூட்டுதல் தகாது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஓட்டமாவடி முஸ்லிம்களும் வாழைச்சேனைத் தமிழரும் ஒரே வாவியையும் சந்தையையும் சார்ந்தவர்கள். ஒருவர் ஊருக்குள் மற்றவர் செல்ல அஞ்சிய போர்க்காலத்தில் வயல்கள் தரிசாயின, வணிகம் முடங்கியது. ஒருவரையொருவர் விலக்கிய தன்னிறைவு இருவருக்கும் வறுமையையே தந்தது. மாறாக, 2021ஆம் ஆண்டு கொவிட் தொற்றினால் இறந்தோரை அடக்கம் செய்ய நாடு இடம் தேடியபோது, பல மாவட்டங்களின் சடலங்களை ஏற்றுக்கொண்டது ஓட்டமாவடி மஜ்மா நகர் மண்ணே. இறந்தோருக்கு எல்லை பாராது இடமளித்த ஊர், உயிரோடிருக்கும் அயலவனோடு களஞ்சியத்தைப் பகிர இயலாதா?

எனவே, வேண்டுவது வளத்தைப் பற்றிய வீண்பெருமையன்று. மேட்டுநிலத்தில் ஒரு பொது நெற்களஞ்சியம், உள்ளூர் விதைநெற் சேமிப்பு, அறுவடைக் காலத்தில் உழவனைக் கடன்காரனிடமிருந்து காக்கும் கூட்டுறவுக் கொள்வனவு, இரு ஊராரும் ஒன்றாய் அமரும் அனர்த்தக் குழு ஆகியனவே உடனடித் தேவைகள். இவற்றைக் கோரிப் போராடாது "நாம் பிழைத்துக்கொள்வோம்" என்பது தன்னம்பிக்கையன்று. அடுத்த வெள்ளம் வரை நீடிக்கும் உறக்கமேயாகும்.