பெயர் கேட்காத பரிசோதனை

திருச்சியில் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத முஸ்லிம் குடும்பம் அரிது. ஊர் திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனையில் மாதிரி கொடுக்க இன்றும் நம்மில் பலர் தயங்குகிறோம். காரணம் நாமறிந்ததே. 2020 மார்ச்சில் டெல்லி மர்கஸுக்குச் சென்று வந்தோரின் பெயரால் ஒரு சமுதாயமே நோய் பரப்பியதாகத் தூற்றப்பட்டது. வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடாவாக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கூறி, அவர்கள் மீதான வழக்குகளைப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு ஆகஸ்டில் ரத்து செய்தது. காயம் மட்டும் ஆறவில்லை.

ஆயினும் மாதிரியில் ஆராயப்படுவது யாது? கொரோனாக் கிருமியின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரு சரம். கிருமி பரவப் பரவ அதில் அவ்வப்போது ஓரெழுத்து பிறழும். ஆயிரக்கணக்கான சரங்களைக் கணினி ஒப்பிட்டு, எது எதிலிருந்து கிளைத்தது, எவ்வகை விரைந்து பரவுகிறது என்று கண்டறிகிறது. இதற்கென 2021 செப்டம்பரில் தமிழக அரசு சென்னையில் ஆய்வகம் திறந்தது. அந்தச் சரத்தில் மதம் இல்லை. தெருவின் பெயரும் இல்லை. பழி, மாதிரிக் குப்பியின் மேல் ஒட்டிய சீட்டிலிருந்துதான் பிறக்கிறது. நாடுகளின் மீது பழி விழாதிருக்கவே உலக சுகாதார நிறுவனம் 2021 மே மாதத்தில் உருமாறிய வகைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டியது. நாடுகளுக்குக் கிடைத்த அந்தக் காப்பு மஹல்லாக்களுக்கும் வேண்டாமா?

ஷாமில் கொள்ளைநோய் என்ற செய்தி எட்டியதும் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃ என்னுமிடத்தில் தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிய வரலாற்றை ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். செய்தி முன்னரே கிடைத்ததனாலன்றோ அம்முடிவு சாத்தியமாயிற்று!

பெயரே கேட்காமல் முன்செய்தி பெறவும் வழியுண்டு. கழிவுநீரில் போலியோக் கிருமியைத் தேடும் பணி மும்பையில் 2001-லேயே தொடங்கிவிட்டது. கழிவுநீரில் கிடைக்கும் கிருமியின் மரபணுவையும் இன்று படிக்க இயலும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்திலும், கந்தூரிக்கு நத்ஹர் வலி தர்காவிலும் மக்கள் திரளும் ஊர் இது. காவிரியின் இரு கரைக் கழிவுநீரையும் ஆண்டு முழுவதும் இவ்வாறு ஆராய வேண்டும் என்று நம் ஜமாஅத்துகள் மாநகராட்சியிடம் கேட்கலாம். ஸ்ரீரங்கத்து அண்டை வீட்டாரையும் உடன் அழைத்தே கேட்கலாம்.

கழிவுநீர் பகுதியைக் காட்டுமேயன்றி நோயாளியைக் காட்டாது; ஆதலால் தனிமனிதரின் மாதிரியும் தேவைப்படும். அதை நாம் மறைக்காமல் கொடுப்போம். பெயரும் முகவரியும் சிகிச்சை தருவோரைத் தாண்டிச் செல்லாது, எந்தச் செய்தி அறிக்கையிலும் சமுதாயத்தின் பெயர் இடம்பெறாது என்ற உறுதியை அரசு எழுத்தில் தரட்டும்.