ஆயிரம் போலீஸ், அரைக்கிலோ கஞ்சா!

2024 ஆகஸ்ட் 31-ம் தேதி சனிக்கிழமை, சுமார் ஆயிரம் போலீஸார் பொத்தேரியில் வந்து இறங்கினார்கள். மாணவர்கள் பெருவாரியாகக் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சோதனை போட்டார்கள். கிடைத்தது என்ன? அரைக்கிலோ கஞ்சா, சில கஞ்சா சாக்லேட்டுகள், கொஞ்சம் கஞ்சா எண்ணெய், ஹூக்கா சாமான்கள்! மாணவர்கள் சிலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பத்திரிகைகள் இதைப் பிரமாதமாக வெளியிட்டன.

போதைப் பொருளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. கஞ்சாவை விடப் பன்மடங்கு கொடியது மெத்தபெட்டமைன். உறக்கத்தையும் பசியையும் கொன்று, மூளையைப் பாழாக்கும் இந்த விஷம் இன்று புறநகர் வாலிபர்களின் கைக்கு எட்டுகிறது. கடன் வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பெற்றோரின் வயிறு எரிவதை நாம் அறிவோம். விற்பவனைப் பிடி, தண்டி! ஆட்சேபணை இல்லை.

ஆனால் எப்படிப் பிடிப்பது?

1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம் மிகக் கடுமையானது. மெத்தபெட்டமைன் 2 கிராம் வரை இருந்தால் அதிகபட்சம் ஒரு வருஷம். 50 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 வருஷம், 20 வரை போகலாம். ஜாமீனோ குதிரைக் கொம்பு. சாதாரண வழக்கில் குற்றத்தைச் சர்க்கார் நிரூபிக்க வேண்டும். இங்கேயோ, பொருள் உன்னிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும். 'எனக்குத் தெரியாது' என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும்! ஆகவே வழக்கு முழுவதும் சோதனை என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. பையில் இருந்து எடுத்தார்களா, பையில் போட்டு எடுத்தார்களா என்பதே கேள்வி.

இதனால்தான் சட்டம் போலீஸாருக்கும் சில கடிவாளங்கள் போட்டிருக்கிறது. வாரண்ட் இல்லாமல் வீட்டில் நுழைய வேண்டுமானால், கிடைத்த தகவலை எழுத்தில் பதிய வேண்டும்; 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இது 42-வது பிரிவு. ஐந்நூறு வீடுகளுக்கும் தனித்தனியே தகவல் இருந்ததா? அல்லது மாணவன் குடியிருக்கிறான் என்பதே தகவலா?

50-வது பிரிவு இன்னும் முக்கியம். ஒருவர் உடலைச் சோதிக்குமுன், 'கெஜட்டெட் அதிகாரி அல்லது மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்க உமக்கு உரிமை உண்டு' என்று அவருக்குச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். 'ஏறக்குறையச் சொன்னோம்' என்பது செல்லாது, கண்டிப்பாகச் சொல்லியே தீர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் 2010-ல் தீர்ப்பளித்தது. ஆனால் உடலுக்குத்தான் இந்த உரிமை, தோளில் தொங்கும் பைக்கு இல்லை என்று 2005-லேயே அதே கோர்ட் கூறிவிட்டது. சட்டைப் பைக்கு ஒரு நியாயம், தோள் பைக்கு ஒரு நியாயம்! போலீஸாருக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020-ல் முடிவாயிற்று. அது நல்ல தீர்ப்பு.

இந்த விதிகளை மீறினால் லாபம் யாருக்கு? பெரிய வியாபாரி பெரிய வக்கீலை வைத்து, '50-வது பிரிவைப் பின்பற்றவில்லை' என்று வாதாடி வெளியே வருகிறான். வக்கீலுக்குக் காசில்லாத மறைமலைநகர் தொழிலாளியின் மகன் உள்ளே கிடக்கிறான்.

சரக்கு வரும் வழி பொத்தேரி மாடிப்படி அல்ல. 2021 செப்டம்பரில் குஜராத்தில் அதானி குழுமத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. டால்க் கல் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட சரக்கு. 2024 நவம்பரில் அந்தமான் கடலில், பர்மியர்கள் ஓட்டி வந்த படகில் ஐந்து டன்னுக்கும் அதிகமான மெத்தபெட்டமைன் பிடிபட்டது. ஐந்நூறு வீடு ஏறி இறங்குவதால் இந்தக் கப்பல்கள் நிற்குமா?

சோதனை என்ற பெயரில் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு வாச்சாத்தியில் கண்டது. 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடி வந்தவர்கள் செய்த கொடுமைக்கு 2011-ல்தான் தண்டனை. ஹைக்கோர்ட் அதை உறுதி செய்தது 2023-ல். பொத்தேரி வாச்சாத்தி அல்ல. ஆனால் காரணம் சொல்லாமல் கதவைத் தள்ளும் பழக்கம் ஒன்றேதான்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, வீட்டுச் சோதனையைப் படம் பிடித்துத் தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. இனி தாம்பரம் வட்டாரத்தில் எங்கே சோதனை நடந்தாலும் நம் தோழர்களும் வாலிபர்களும் அந்தப் படத்தைக் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி நிற்க வேண்டும் என்பதும் சட்டம். கூப்பிட்டால் ஒதுங்காதீர்கள், போய் நில்லுங்கள். கண்ணெதிரே எடுத்ததை எடுத்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள்.